நுரையீரல் லைக்கனை அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், மழை ஓயாத பழங்காடுகளில், முதிர்ந்த ஓக், ஆஷ் மரங்களின் பட்டையில் படர்கிறது நுரையீரல் லைக்கன், அறிவியல் பெயரில் லொபாரியா புல்மொனாரியா. லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர். ஐரோப்பாவின் பல பகுதிகளில் இது அருகிவிட்டது. ஆலைப் புகையின் கந்தக டை ஆக்சைடு ஒருபுறம், பழங்காடுகளின் அழிவு மறுபுறம். இது இருக்கும் இடம் நெடுங்காலமாகக் காடாகவே நீடித்த இடம் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அதனால் ஒரு தவறான பதிவு அந்தக் காட்டைப் பற்றிய கணிப்பையே கெடுத்துவிடும்.

பலரும் சறுக்குவது நிறத்தில்தான். படங்களில் பளிச்சென்ற பச்சையைப் பார்த்துப் பழகியவர்கள், வெயில் நாளில் பழுப்பும் சாம்பலுமாகக் காய்ந்து தொங்கும் இதைத் தெரியாமலே கடந்துவிடுகிறார்கள். கையில் ஒரு தெளிப்பான் இருக்கட்டும். மழைநீர் நிரப்பினால் நல்லது. தெளித்த சில நிமிடங்களில் மேல்தோல் ஒளியை உள்ளே விடத் தொடங்கும். உள்ளிருக்கும் பசும்பாசியின் நிறம் வெளியே தெரியும். காய்ந்தபோது எப்படி இருந்தது, நனைந்தபின் எப்படி மாறியது என்று இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் பச்சை தெரிந்த உடனே பெயர் வைத்துவிடக் கூடாது. ரிக்கசோலியா வைரென்ஸ் என்ற வேறொரு லைக்கனும் நனைந்தால் பச்சைதான். அதன் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். நுரையீரல் லைக்கனிலோ மேடுகள் வலைபோலப் பின்னி, இடையிடையே பள்ளங்கள் விழுந்திருக்கும். லொபாரினா ஸ்க்ரோபிகுலேட்டா என்ற லைக்கனிலும் பள்ளங்கள் உண்டு, ஆனால் அது நனைந்தால் நீலச் சாம்பல் நிறம் காட்டும். வட அமெரிக்காவின் மேற்குக் காடுகளில் லொபாரியா ஒரெகானா இன்னும் அதிகமாகக் குழப்பும். மேடு பள்ளம் எல்லாம் அதிலும் இருக்கும். மஞ்சள் கலந்த பச்சையும், விளிம்பில் முளைக்கும் குட்டி மடல்களும் அதைக் காட்டிக்கொடுக்கும். நாம் தேடும் நுரையீரல் லைக்கனில் மேடுகளின் மீதும் விளிம்பிலும் பொடிப்பொடியான துகள்கள் இருக்கும். கைலென்ஸ் இல்லாமல் இதைப் பார்க்க முயல்வது வீண்வேலை.

கீழ்ப்புறத்தைப் பார்க்காமல் பெயர் சொல்லவே கூடாது என்பது என் கருத்து. மேலே பள்ளமாக இருக்கும் இடமெல்லாம் கீழே வெளிறிய புடைப்பாக, ரோமமின்றி இருக்கும். அவற்றுக்கு இடையே பழுப்பு நிற மென்ரோமம் ஓடும். ஸ்டிக்டா என்ற வேறு லைக்கன் இனமாக இருந்தால் கீழே விளிம்பு கட்டிய சிறு வட்டக் குழிகள் தெரியும். நம் மசாலாவில் சேரும் கல்பாசியும் இலைவடிவ லைக்கன்தான்; ஒரு துண்டைத் திருப்பிப் பாருங்கள், கறுத்த அடிப்புறம் தெரியும். மரத்தில் இருப்பதைத் திருப்பும்போது மட்டும் அவசரம் கூடாது. நன்றாக நனைத்தபின் ஒரு மடலின் ஓரத்தை நகத்தால் மெல்ல உயர்த்தினால் போதும். காய்ந்த மடல் தொட்டாலே முறியும்.

மாதிரிக்கு என்று ஒரு துண்டைப் பிய்த்துவருவதுதான் எனக்குத் தாங்க முடியாத தவறு. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே வளரும் உயிர் அது. மரத்தில் இருக்கும்போதே அதன் மேல் ரசாயனச் சொட்டு விட்டுச் சோதிப்பதும் வேண்டாம். மேற்புறம், கீழ்ப்புறம், விளிம்பு, முழு மரம் என நான்கு படங்கள் எடுங்கள். அளவுக்கு ஓர் அளவுகோல் பக்கத்தில் இருக்கட்டும். வெறும் மேற்புறப் படத்தை வைத்து எந்த நிபுணரும் உறுதி சொல்ல மாட்டார்.

மரத்தின் பெயரை எழுதாமல் விடுவதும் வழக்கமாக நடக்கும் தவறு. ஆஷ் மரங்களைக் கொல்லும் பூஞ்சை நோய் பிரிட்டனில் 2012இல் கண்டறியப்பட்டது. எந்த லைக்கன் எந்த மரத்தில் இருக்கிறது என்ற குறிப்பு இருந்தால்தான், ஆஷ் விழும்போது எதை இழக்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடியும்.