எச்ஐவி மருந்து எதிர்ப்பு: பிறழ்வுதான் காரணமா என்று பார்க்கும் முறை

மருந்து கேட்கவில்லை என்றதும் மரபணுச் சோதனைக்கு ஓட வேண்டாம். மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறதா என்பது முதல் கேள்வி. டோலுடெக்ராவிர் என்ற எச்ஐவி மாத்திரை எடுப்பவருக்கு வைரஸ் அளவு ஏறியிருந்தும் பிறழ்வே, அதாவது வைரஸின் மரபணுவில் மாற்றமே, இல்லாமலிருப்பது சாதாரணம். ஆன்டாசிட்டோடு (நெஞ்செரிச்சல் மருந்து) சேர்த்து விழுங்கினால் அந்த மருந்து உடலில் சரியாகச் சேராது. ஆன்டாசிட்டுக்கு 2 மணி முன்போ 6 மணி பின்போ டோலுடெக்ராவிரை எடுக்க வேண்டும்.

அது சரியென்றால் ரத்தம் எடுங்கள், மருந்தை நிறுத்துவதற்கு முன்பே. நிறுத்தி 4 வாரம் தாண்டினால் பிறழாத வைரஸ் பெருகி, பிறழ்ந்ததை மறைத்துவிடும். லாமிவுடின் என்ற எச்ஐவி மருந்தை எதிர்க்க வைக்கும் எம்184வி பிறழ்வு இப்படித்தான் சீக்கிரம் கண்ணுக்குத் தப்பும். ஆனால் அது செல்களுக்குள் ஒளிந்திருக்கும். அதனால் பழைய ரிப்போர்ட்டுகளையும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ உள்ள குழாய்தான் வேண்டும். அதே வேலையைச் செய்யும் ஹெப்பாரின், வைரஸ் மரபணுவைப் பெருக்கும் பிசிஆரைக் கெடுக்கும். 6 மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்து மைனஸ் 70 டிகிரியிலோ அதற்கும் கீழோ வையுங்கள். மில்லிக்கு 1,000 பிரதிகளுக்குக் குறைவாக வைரஸ் இருந்தால் பிசிஆர் அடிக்கடி தோற்கும். டோலுடெக்ராவிர் தாக்கும் வைரஸ் நொதியான இன்டெக்ரேஸின் மரபணுப் பகுதி பல ஆய்வகங்களில் தனி டெஸ்ட். டோலுடெக்ராவிர் எடுப்பவருக்கு அதைக் கேட்காமல் விட்டால் சோதனையே வீண்.

மரபணு எழுத்துகளின் வரிசையைப் படிக்கும் சாங்கர் முறையில் ஏறத்தாழ 20 சதவீதத்துக்குக் குறைவான பிறழ்ந்த வைரஸ் தெரியாது. அதன் வரைபடத்தில் ஓரிடத்தில் இரட்டை முகடு வந்தால் கலப்பு என்று எழுதுங்கள். உயரமானதை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரே தொகுதியில் இரண்டு நோயாளிகளின் வரிசை அச்சு அசலாக இருந்தால் மாதிரி கலந்திருக்கலாம். மரபணு எழுத்துகளில் பல ஜி-க்கள் ஏ ஆகி, நடுவில் புரத உற்பத்தியை முடிக்கும் நிறுத்தக் குறியும் தெரிந்தால், அது செத்த வைரஸின் வரிசை. அதிலுள்ள எம்184ஐ என்ற பிறழ்வை மருந்து எதிர்ப்பு என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

வரிசையை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எச்ஐவி எதிர்ப்புத் தரவுத்தளத்தில் இட்டால் ஒவ்வொரு மருந்துக்கும் மதிப்பெண் வரும்: 10-க்குக் கீழே மருந்து கேட்கும், 30 முதல் 59 வரை நடுத்தர எதிர்ப்பு, 60-ம் அதற்கு மேலும் கடும் எதிர்ப்பு. வழக்கமில்லாத பிறழ்வு என்றால் மதிப்பெண் போதாது. அது அந்த வைரஸ் வகையின் இயல்பான வேறுபாடாகவும் இருக்கலாம். வைரஸை பாதியாக அடக்க எவ்வளவு மருந்து தேவை என்று இயல்பு வைரஸோடு ஒப்பிடும் ஃபீனோடைப் சோதனைதான் அந்த வைரஸ் உண்மையில் மருந்தை எதிர்க்கிறதா என்று காட்டும்.

எம்184வி வந்தாலும் லாமிவுடினைப் பல நேரம் தொடர்வார்கள். அந்தப் பிறழ்வு வைரஸின் பெருக்கத்தைத் தளர்த்தி, டெனோஃபோவிர் என்ற இன்னொரு எச்ஐவி மருந்துக்கு அதை இன்னும் எளிதாக மடங்க வைக்கிறது.