பூட்டிய எஸ்டி கார்டை லினக்ஸ் கழற்ற விடவில்லையா?

எழுதத் தடை உள்ள எஸ்டி கார்டைக் கழற்றப் போனால் (அதாவது, கையால் எடுக்கும் முன் லினக்ஸிலிருந்து இணைப்பைத் துண்டிக்கப் போனால்), சில நேரம் ‘டார்கெட் இஸ் பிஸி’ என்ற பிழை வரும். எதுவுமே எழுத முடியாத கார்டு எப்படி பிஸி ஆகும் என்று புதியவர்கள் குழம்புவது இங்கேதான். ஒரு கோப்பு படிப்பதற்காகத் திறந்திருந்தாலும், ஏதோ ஒரு டெர்மினல் கார்டின் கோப்புறைக்குள் நின்றாலும் லினக்ஸின் மையமான கெர்னல் கழற்ற விடாது. பூட்டு வேறு, பிஸி வேறு. முதலில் பிஸியைத் தீர்ப்போம்.

முதல் படி: எல்எஸ்பிஎல்கே கட்டளையை ஓட்டுங்கள். உங்கள் கார்டின் பெயரையும் (எஸ்டிபி1 என்று வைத்துக்கொள்வோம்) அது மவுண்ட் ஆன இடத்தையும் (எந்தக் கோப்புறையில் இணைந்திருக்கிறது என்பதையும்) குறித்துக்கொள்ளுங்கள். ஆர்ஓ (ரீட் ஒன்லி, படிக்க மட்டும்) பத்தியில் 1 இருந்தால் சாதனமே பூட்டியிருக்கிறது. 0 இருந்தும் எழுத முடியவில்லை என்றால் கோளாறு கோப்பு முறைமையில். அதற்குப் பிறகு வருவோம்.

இரண்டாவது: திறந்திருக்கும் எல்லா டெர்மினல்களிலும் சிடி அடித்து ஹோமுக்குத் திரும்புங்கள், படம் பார்க்கும் செயலிகளை மூடுங்கள், பிறகு நிர்வாகி உரிமை தரும் சூடோவுடன் யுமவுண்ட், மவுண்ட் ஆன இடம் என்று கொடுங்கள். அன்மவுண்ட் என்று அடித்தால் கட்டளையே இல்லை என்று வரும். யு-வை அடுத்து நேராக எம்.

இன்னும் பிஸியா? கார்டை யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும் கட்டளை: சூடோ ஃபியூசர், மைனஸ் வி எம், பிறகு மவுண்ட் ஆன இடம். சூடோ இல்லாவிட்டால் மற்ற பயனர்களின் செயல்கள் தெரியாமல் போகலாம். பட்டியலில் பாஷ் (டெர்மினலுக்குள் ஓடும் நிரல்) வரிக்கு எதிரே சி இருந்தால் ஒரு டெர்மினல் உள்ளே நிற்கிறது. எஃப் என்றால் திறந்த கோப்பு. இ என்றால் கார்டிலிருந்தே ஒரு நிரல் ஓடுகிறது. அந்தந்தச் செயலியை முறையாக மூடுங்கள்.

ஃபியூசருக்கு மைனஸ் கே போட்டு எல்லாவற்றையும் கொன்றுவிட ஆசை வரும். தயவுசெய்து வேண்டாம். கார்டு ஏற்கெனவே கழன்றிருந்தால், நீங்கள் கொடுத்த கோப்புறை கணினியின் சொந்த வட்டில்தான் இருக்கும். ஃபியூசர் அந்த வட்டைப் பயன்படுத்தும் செயல்களையெல்லாம் கொல்லப் போகும். கே போட்டே ஆக வேண்டுமென்றால் பெரிய எம்-ஐயும் சேருங்கள். கொடுத்த இடம் உண்மையான மவுண்ட் இடமாக இருந்தால் மட்டுமே அது வேலை செய்யும்.

‘கெர்னல் மவுண்ட்’ வரி மட்டும் தெரிகிறதா? கார்டில் உள்ள ஐஎஸ்ஓ கோப்பு (ஒரு வட்டின் முழு நகல்) ஒன்று தனியாக மவுண்ட் ஆகியிருக்கலாம். லோசெட்டப் மைனஸ் ஏ அதைக் காட்டும். அதை முதலில் கழற்றுங்கள். யுமவுண்டுக்கு மைனஸ் எல் தரும் சோம்பல் கழற்றல் கார்டைப் பார்வையிலிருந்துதான் எடுக்கும், பிடி விடாது. மைனஸ் எஃப் முக்கியமாக நெட்வொர்க் வட்டுகளுக்கானது.

இனி பூட்டு. பெரிய எஸ்டி கார்டின் பக்க விளிம்பில் சிறு தள்ளுபொத்தான் இருக்கும். மைக்ரோ எஸ்டியில் கிடையாது, அதன் அடாப்டரில் உண்டு. அந்தப் பொத்தான் எங்கே நிற்கிறது என்று பார்த்துத் தடுப்பது கார்டு ரீடர்தான். ஆகவே பொத்தான் தளர்ந்திருந்தால் வேறு அடாப்டரிலோ ரீடரிலோ போட்டுப் பாருங்கள்.

ஆர்ஓ 0 என்றால் கெர்னலின் செய்திகளைக் காட்டும் சூடோ டிஎம்இஎஸ்ஜி பாருங்கள். பிழை கண்ட கெர்னல், சேதம் பரவாமல் இருக்க, கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் என்று மாற்றியிருக்கலாம். முதலில் கோப்புகளை நகலெடுத்து, கழற்றி, அதன் பிறகே கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓட்டுங்கள். பொத்தானே இல்லாத பென் டிரைவ் எந்தக் கணினியிலும் ஆர்ஓ 1 காட்டினால், அதன் கட்டுப்பாட்டுச் சில்லே பழுதைக் கண்டு எழுதுவதை நிறுத்தியிருக்க வாய்ப்பு அதிகம். எச்டிபார்ம் மைனஸ் ஆர் 0 என்ற கட்டளை, ‘படிக்க மட்டும்’ என்று லினக்ஸ் வைத்திருக்கும் குறியை மட்டுமே மாற்றும், சில்லின் பூட்டைத் திறக்காது. பென் டிரைவைப் படிக்க முடியும்போதே தரவை நகலெடுத்துவிட்டு, புது டிரைவ் வாங்குங்கள்.