துண்டுத்துணியில் தலைசாமான்: நான் செய்து கெடுத்தவை, நீங்கள் கெடுக்க வேண்டாதவை

தமிழ்நாடு–ஆந்திர எல்லையில், நகரி, ஏகாம்பரகுப்பம், பொதட்டூர்பேட்டை பக்கம் துணிக்குப் பஞ்சமே கிடையாது. தறி ஓடுகிற ஊர்கள், போதாததற்குத் தெருவுக்கு ஒரு தையல்காரர். பிளவுஸ் வெட்டி மிஞ்சிய துண்டும், பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) முடியும்போது தறியிலேயே நின்றுபோகிற நூலும் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். அதை வைத்து நெற்றிச்சுட்டி, பின்னந்தலையில் வைக்கிற ராக்கொடி, சடை நுனியில் தொங்குகிற குஞ்சலம் என்று கல்யாணத் தலைசாமான்களை தினமும் போட்டுக்கொள்கிற மாதிரி செய்யலாம்தான். நானும் செய்கிறேன். ஆனால் முதல் வருஷம் செய்ததில் பாதி குப்பைக்கே திரும்பிப் போனது.

முக்கியமான தவறு, பொன்னில் இருக்கிற வடிவத்தை அப்படியே துணியில் எடுப்பது. பொன் சுட்டி நெற்றியில் அடங்கி நிற்பது அதன் கனத்தால். துணிச்சுட்டிக்கு அது கிடையாது, ஃபேன் காற்றுக்கே புரண்டுகொள்ளும், அப்புறம் பின்பக்கத்து முடிச்சும் நூலும்தான் போட்டோவில் விழும். அதனால் அடிநுனியில், துணிக்கு உள்ளே, ஒரு பித்தளை மணியை வைத்துத் தையுங்கள், பின்பக்கத்தையும் முன்பக்கம் மாதிரியே முடியுங்கள். வகிட்டுக்கு இரண்டு பக்கமும் வைக்கிற சூரியப்பிரபையும் சந்திரப்பிரபையும் தொங்குவதில்லை, முடியோடு ஒட்டி உட்கார்வது, அதனால் துணிக்கு அவைதான் ரொம்பப் பொருத்தம், கிளிப்பாகவே செய்துவிடலாம். சூரியன் வலது, சந்திரன் இடது. ஜோடி என்பதால் இரண்டையும் ஒரே வடிவில் வெட்டிவிடாதீர்கள், நான் வெட்டினேன்.

குளூ கன்னை நம்பாதீர்கள். சித்திரை வெயிலில் ஒரு செட் ராக்கொடியை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துத் திருத்தணிக்குக் கொண்டுபோனேன், அத்தை மகள் கல்யாணம். மண்டபத்தில் டப்பாவைத் திறந்தால் பசை இளகி, முத்தெல்லாம் ஒரு மூலையில் கும்பலாக ஒட்டிக் கிடக்கிறது. பெரியம்மா எட்டிப் பார்த்து, “என்னடி இது, பொரி உருண்டையா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து எனக்கு ஊசியும் நூலும்தான். நேரம் மூன்று மடங்கு ஆகிறது, ஆகட்டும்.

துணியைப் பார்க்காமல் வெட்டுவது அடுத்தது. மூட்டையில் பட்டும் பாலியெஸ்டரும் கலந்தே வரும், மினுக்கத்தைப் பார்த்து ஏமாந்துவிடலாம். ஒரு இழையை உருவி, தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கொளுத்திப் பாருங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ‘பட்டு ராக்கொடி’ என்று சொல்லி விற்பது பொய், அதோடு சூடான இஸ்திரி பட்டால் மொத்தமும் சுருங்கியும் போகும். சாயத்தையும் பாருங்கள்: ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் சிவப்பு இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். இறங்கினால் அது நெற்றிக்கு ஆகாது, வியர்வைக்கு வகிடு முழுக்கக் குங்குமம் கொட்டினாற்போல ஆகிவிடும்.

தலைப்பட்டை தைக்கும்போது பட்டையை கிராஸாக (மூலைவாட்டில்) வெட்டாதீர்கள். இழுபட்டு, நாலு தடவை போட்டால் தொளதொளவென்று ஆகிவிடும். நூல் ஓட்டத்திலேயே நேராக வெட்டுங்கள். ராக்கொடியின் வட்டத்தைச் சுற்றி வைக்கிற பைப்பிங்குக்கு மட்டும் கிராஸ்தான் வேண்டும், நேர்த்துணி வளைவில் சுருங்கி நிற்கும். உள்பக்கத்துக்கு அடர்நிற லைனிங் போடுங்கள், தேங்காய் எண்ணெய்க் கறை தெரியாது.

பாசிகம் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். தெலுங்கு வீட்டுக் கல்யாணங்களில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நெற்றியில் கட்டுவது அது. அழகாக இருக்கிறதே என்று நான் அதை ஹேர்பேண்டாகத் தைத்துக் காட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா கையில் வாங்கக்கூட இல்லை. “இது முகூர்த்தத்துக்குக் கட்டுறதும்மா, கடைக்குப் போகக் கட்டுறதில்ல” என்றார். அதோடு அதை விட்டுவிட்டேன். பாப்பிடி பில்லாவை (நம் நெற்றிச்சுட்டிதான்) எப்படி மாற்றினாலும் அவருக்குச் சம்மதம்.

பாட்டியின் கூறைப்புடவையை இதற்காக வெட்டாதீர்கள். கட்டக்கூடிய புடவை கழிவு இல்லை.

குஞ்சலத்துக்குப் பாவு நூலை மிஞ்ச ஒன்றும் கிடையாது, வெட்டு, முடிச்சு, வேலை முடிந்தது என்று தோன்றும். அங்கேதான் சறுக்கல். பாவு நூலில் கஞ்சி ஏற்றியிருக்கும், அப்படியே கட்டினால் குச்சி குச்சியாக விறைத்து நிற்கும், கழுத்து வியர்வை பட்டால் பிசுபிசுக்கும், பெட்டியில் வைத்தால் பூச்சி தேடி வரும். வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு தடவை அலசி, நிழலில் காயவிட்டால் நூல் குழைந்து விழும். அப்புறம் ஒவ்வொரு கொத்தின் தலையிலும் ஒரு சின்னச் சலங்கை மணி கோத்துவிடுங்கள். எங்கள் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்கள் அதை ஜடகண்டலு என்பார்கள். மணி இல்லாத குஞ்சலத்தை அவர்கள் வாங்குவதில்லை, ஆட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுகிறார்கள்.