ஆறு ஃபேன் போட்டும் கொதிக்கிற கேபினட்

கேம் ஆட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் கம்ப்யூட்டர் கேபினட் இரைய ஆரம்பிக்கிறது, பிராசஸர் சூடு எகிறுகிறது என்றால் பலரும் முதலில் செய்வது இன்னும் இரண்டு ஃபேன் வாங்குவதுதான். பெரும்பாலும் அது வீண் செலவு. எத்தனை ஃபேன் சுற்றுகிறது என்பது அப்புறம். வெளிக்காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது, சூடான காற்று எந்த வழியாக வெளியே போகிறது, போனது திரும்ப உள்ளே வருகிறதா என்று முதலில் பாருங்கள். முன்வாசலும் கொல்லைக் கதவும் திறந்திருக்கிற வீட்டில் காற்று ஓடுவது போல, கேபினட்டுக்குள்ளும் ஓட வேண்டும்: முன்னாலும் கீழேயும் உள்ளே, பின்னாலும் மேலேயும் வெளியே.

ஃபேனைத் தலைகீழாக மாட்டுவதுதான் அதிகம் நடக்கிற தவறு. ஃபேனைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இதழ்கள் மறைப்பில்லாமல் தெரியும். மறு பக்கம் நடுவில் இருக்கும் மோட்டாரை மூன்று நான்கு கம்பிகள் தாங்கிப் பிடித்திருக்கும். சாதாரண ஃபேனில் காற்று வெளியே வருவது இந்தக் கம்பிப் பக்கம்தான். சிலவற்றின் விளிம்பில் அம்புக்குறியே இருக்கும். இப்போது அழகுக்காக, இதழ் பக்கமாகக் காற்றைத் தள்ளும் ‘ரிவர்ஸ்’ ஃபேன்களும் விற்பனைக்கு வருகின்றன. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைக் கிரில் அருகே பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் உறிஞ்சுகிறது, பறந்தால் தள்ளுகிறது.

அடுத்தது, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினட். விளக்கெல்லாம் பளபளக்கும், காற்று நுழைய ஓரத்தில் ஒரு விரல் இடைவெளிதான் இருக்கும். அதன் பின்னால் மூன்று ஃபேன் மாட்டினாலும் அவற்றுக்கு இழுக்கக் காற்று வேண்டுமே? சோதிப்பது எளிது. கேம் ஓடும்போதே சைடு பேனலைக் கழற்றி வையுங்கள். சூடு சட்டென்று 8, 10 டிகிரி இறங்கினால் கோளாறு பிராசஸர் கூலரில் இல்லை, காற்று வழியில்தான். என்னைக் கேட்டால், முன்னால் வலை வைத்த கேபினட்டில் மூன்று ஃபேனே போதும்: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று.

மேல்பக்கம் இடம் காலியாக இருக்கிறதே என்று அங்கேயும் நிரப்புகிறார்கள். மேலே முன்மூலையில் வெளியேற்றும் ஃபேன் வைத்தால், முன்னால் வந்த குளிர்ந்த காற்று பிராசஸர் கூலரை எட்டும் முன்பே மேலே போய்விடும். அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். வெளியேற்றும் ஃபேன்கள் அதிகமாகி, உள்ளிழுப்பவை குறைந்தாலும் தொல்லைதான். ஃபில்டர் இல்லாத சந்து பொந்துகள் வழியாகத் தூசியோடு காற்று உள்ளே வரும்.

எல்லாம் சரியாக மாட்டிவிட்டு, கேபினட்டைக் கம்ப்யூட்டர் டேபிளின் மர அறைக்குள் தள்ளிவிடுவார்கள். பின்னால் வெளியேறும் சூடான காற்றுக்குப் போக்கிடம் இல்லாமல், சுற்றி வந்து முன்னால் திரும்ப நுழையும். பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி இருக்கட்டும். எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் தரும் பெட்டி) அடியிலிருந்து காற்று இழுக்கிற கேபினட்டைத் தரைவிரிப்பின் மேல் வைக்கவே கூடாது.

ஒயரிங்கிலும் இரண்டு விஷயம். 3 பின் ஃபேனின் வேகம் வோல்டேஜைக் கூட்டிக் குறைப்பதால் மாறும். 4 பின் ஃபேனுக்கு வேகத்தைச் சொல்வது பிடபிள்யூஎம் என்ற துடிப்பு சிக்னல். மதர்போர்டில் பிடபிள்யூஎம் என்று அமைத்துவிட்டு 3 பின் ஃபேனைச் செருகினால் அது எப்போதும் முழு வேகத்தில் கத்தும். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) அந்த ஹெட்டரை, அதாவது ஃபேன் ஒயர் செருகிய இடத்தை, வோல்டேஜால் வேகம் மாற்றும் டிசி முறைக்கு மாற்றினால் அடங்கும். இன்னொன்று, வண்ண விளக்குக்கான 5 வோல்ட் ஏஆர்ஜிபி ஒயரை 12 வோல்ட் ஆர்ஜிபி ஹெட்டரில் செருகினால் விளக்கு கருகிவிடும்.

பிராசஸரைத் திரவத்தால் குளிர்விக்கும் லிக்விட் கூலர் என்றால், திரவத்தின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டரின் மேல்முனை, திரவத்தைச் சுற்றவிடும் பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். குழாய்க்குள் இருக்கும் கொஞ்சக் காற்று எப்போதும் உயரமான இடத்தில் போய்ச் சேரும். அந்த இடம் பம்பாக இருந்தால் கடகடவென்று சத்தம் கேட்கும், பம்பும் சீக்கிரம் தேயும்.

சூட்டைப் பார்த்துப் பதறுவதற்கு முன் அறையின் வெப்பத்தையும் பாருங்கள். ஃபேன் வைத்த எந்த பிராசஸர் கூலரும் பிராசஸரை அறைக் காற்றைவிடக் குளிராக ஆக்காது. 22 டிகிரி அறையில் 68 காட்டிய பிராசஸர், மே மாதம் ஏசி இல்லாத 38 டிகிரி அறையில் அதே வேலைக்கு 84 வாக்கில் காட்டுவது இயல்பு. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசையில் பல பிராசஸர்கள் முழு வேலையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை.

புதிதாக எதையும் வாங்கும் முன் தூசியைத் தட்டிப் பாருங்கள். புளோயர் அடிக்கும்போது இதழ்களை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இஷ்டத்துக்குச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். ஃபில்டரைத் தண்ணீரில் கழுவினால், நன்றாகக் காய்ந்த பிறகே திரும்ப மாட்டுங்கள்.