ஜாக்கி போடும்போது ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள்

சமதரையில் நிறுத்துவது, உள்ளே இருப்பவர்களை இறக்கிவிடுவது எல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புதிதாக வீல் மாற்றுபவர்கள் அதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கோட்டை விடுவது வேறு இடங்களில்.

"ஹேண்ட் பிரேக் போட்டாச்சே!"

சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொன்னால் வரும் பதில் இது. கேட்டாலே எரிச்சல் வரும். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அதில் ஒன்றைத் தூக்கிவிட்டால் பாதிப் பிடி போச்சு.

"கியரிலும் போட்டிருக்கேன்" என்பார்கள். முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டியில் கியர் பிடிப்பது முன்சக்கரங்களைத்தான். ஒன்று அந்தரத்தில் இருந்தால், டிஃபரென்ஷியல் (இரு சக்கரங்களையும் தனித்தனி வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கர அமைப்பு) வழியாக அது ஒரு பக்கம் சுழல, தரையில் இருப்பது மறுபக்கம் உருளும். ஆட்டோமேட்டிக்கில் 'பி'யும் (பார்க்கிங் நிலை) அப்படியே.

நண்பர் ஒருவர் லேசான சரிவில், 'பி'யில் போட்டதோடு சரி என்று, ஹேண்ட் பிரேக்கும் இல்லாமல் முன்சக்கரத்தைத் தூக்கினார். டயர் தரையை விட்டதும் வண்டி மெல்ல உருண்டது. ஜாக்கி சாய்ந்து, கதவுக்குக் கீழே விளிம்பு நசுங்கியது. அரைச் செங்கல் மிச்சப்படுத்தியிருக்கும் செலவு. "பி-யில்தானே போட்டேன்" என்று ஒர்க்ஷாப்பிலும் சொல்லிக்கொண்டிருந்தார்!

தூக்கும் சக்கரத்துக்குக் குறுக்கெதிர் மூலைச் சக்கரத்துக்கு, முன்னும் பின்னும் கட்டையோ கல்லோ அண்டக்கொடுங்கள். முன் இடது என்றால் பின் வலது. உருண்டைக் கல் உதவாது. ஹேண்ட் பிரேக்கும் கியரும் இதோடு சேர்த்துத்தான்.

தூக்கிய பிறகு நட்டோடு மல்லுக்கட்டுவது

டயர் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள், அப்புறம் ஜாக்கி. தூக்கிய பிறகு ஸ்பேனரை மிதித்தால், அந்த மிதி ஜாக்கியைச் சாய்க்கும்.

கண்ட இடத்தில் ஜாக்கி

கதவுக்குக் கீழே, சக்கரத்தை ஒட்டிய விளிம்பில் இதற்கென்றே பலப்படுத்திய இடம் உண்டு. பல கார்களில் சிறு வெட்டு அடையாளம் தெரியும். கையேட்டில் படமும் இருக்கும். வண்டியின் தரைத் தகட்டில் வைத்தால் தகடு உள்வாங்கும். மண்தரை என்றால் ஜாக்கிக்கு அடியில் கெட்டியான பலகை.

வண்டிக்கு அடியில் நுழைவது

வேண்டாம்.

வரிசையாக இறுக்குவது

எதிரெதிர் நட்டாக, முதலில் லேசாக. டயரைத் தரையில் இறக்கிய பிறகு கடைசி இறுக்கு. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். புதிதாக மாட்டிய வீலில் நட்டு தளர்வது உண்டு.