பாரிஸ் மெட்ரோவில் அபராதம் கட்டவைக்கும் தவறுகள்

பாரிஸில் எந்த டிக்கெட் வாங்குவது என்று இணையத்தில் தேடினால், மண்டலம் மண்டலமாகக் கட்டணம் பார்க்கச் சொல்லும் பழைய குறிப்புகள்தான் முதலில் வரும். 2025 ஜனவரியோடு அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. மெட்ரோ, ஆர்.இ.ஆர் (நகரையும் புறநகரையும் இணைக்கும் விரைவு ரயில்), புறநகர் ரயில் மூன்றுக்கும் இப்போது ஒரே டிக்கெட். இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினாலும், நகருக்கு வெளியே அரண்மனை இருக்கும் வெர்சாய் வரை போனாலும் விலை ஒன்றுதான். அறிமுகமானபோது 2.50 யூரோ, புத்தாண்டையொட்டி விலை ஏறும் என்பதால் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பேருந்துக்கும் டிராமுக்கும் வேறு டிக்கெட். மெட்ரோ டிக்கெட்டை வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினால் அது செல்லாது.

விமான நிலையங்கள் இதில் சேராது. சார்லஸ் த கோல், ஓர்லி என்ற இரண்டு விமான நிலையங்களுக்கும் ரயிலில் போகத் தனி டிக்கெட். 2025-இல் 13 யூரோ. பலர் மாட்டுவது திரும்பும் நாளில். சாதாரண டிக்கெட்டோடு பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்தில் உள்ளே நுழைந்துவிடலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். விமான நிலையத்தில் வெளியே வரும்போதுதான் அது செல்லாது என்று தெரியும். அங்கே பரிசோதகர் நின்றால் அபராதம்தான்.

அடுத்தது, குடும்பத்துக்கே ஒரு கார்டு. டிக்கெட்டுகளை ஏற்றிக் கதவில் தட்டும் நவிகோ ஈஸி கார்டு 2 யூரோ. அதில் பத்து டிக்கெட் ஏற்றி, ஒருவர் தட்டிவிட்டுப் பின்னால் வருபவரிடம் நீட்டக்கூடாது. பரிசோதகர் கையிலுள்ள கருவி கார்டைத்தான் படிக்கும். இரண்டாமவரிடம் காட்ட எதுவும் இருக்காது. ஆளுக்கு ஒன்று வாங்குங்கள், வெளியே வரும்வரை பத்திரமாக வையுங்கள். லண்டனில் செய்வதுபோல் வங்கி அட்டையைத் தட்டி மெட்ரோ கதவைத் திறக்கலாம் என்றும் நம்பி வராதீர்கள்.

வாராந்திர பாஸ் நல்ல பேரம், ஆனால் எல்லோருக்கும் அல்ல. வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் என்று நினைத்துவிடுகிறார்கள். அது திங்கள் முதல் ஞாயிறு வரைதான். வியாழன் வாங்கினால் நான்கே நாள். வெள்ளியிலிருந்து அடுத்த வாரத்துக்கான பாஸ்தான் தருவார்கள். 2025 விலை 31.60 யூரோ, விமான நிலையப் பயணமும் உட்பட. போக வர விமான நிலைய டிக்கெட்டே அந்த ஆண்டு 26 யூரோ ஆனது என்பதால், திங்கள் வந்து ஞாயிறுக்குள் திரும்புபவர் யோசிக்கவே வேண்டாம். ஆனால் நவிகோ ஈஸியில் இது ஏறாது. நவிகோ தெகூவெர்த் என்ற 5 யூரோ கார்டு வேண்டும், கூடவே 2.5 × 3 செ.மீ. புகைப்படம். படத்தை ஒட்டிப் பெயர் எழுதாத கார்டுக்கும் அபராதம் உண்டு. புகைப்படத்தை ஊரிலிருந்தே எடுத்துப் போவது மேல்.

ஆர்.இ.ஆர் பி ரயில் சார்லஸ் த கோல் விமான நிலையத்திலிருந்து வரும்போது தொல்லையில்லை, எல்லா வண்டியும் பாரிஸுக்குத்தான் வரும். திரும்பும்போது ஓல்னே-சூ-புவா நிலையத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது: ஒன்று விமான நிலையம், மற்றது மித்ரி-க்ளே. வந்த வண்டியில் ஏறிவிடாமல், நடைமேடைப் பலகையில் விமானப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். தவறி ஏறிவிட்டால் ஓல்னேயில் இறங்கி அடுத்த விமான நிலைய வண்டியைப் பிடிக்கலாம். அதைத் தாண்டிவிட்டால் அங்கேயே திரும்பி வரவேண்டும். குறைந்தது அரைமணி நேரமாவது கையில் உபரியாக வையுங்கள்.

ஓர்லிக்கு 2024 ஜூன் முதல் மெட்ரோ 14 நேரே போகிறது. போவே விமான நிலையம் பாரிஸிலேயே இல்லை, ஏறத்தாழ 80 கி.மீ. தள்ளி இருக்கிறது, மலிவு விமானம் என்று பதிவு செய்யும் முன் அங்கிருந்து பாரிஸுக்கு வரும் பேருந்துச் செலவையும் கூட்டுங்கள்.

வருகை மண்டபத்தில் "டாக்ஸி?" என்று அருகே வந்து கேட்பவரோடு போகாதீர்கள். வெளியே வரிசையில் நிற்கும் டாக்ஸிக்கு சார்லஸ் த கோலிலிருந்து பாரிஸுக்கு அரசு நிர்ணயித்த ஒரே கட்டணம். சேன் நதியின் வடகரைக்கு ஒன்று, தென்கரைக்குச் சற்று கூடுதல். மீட்டர் பேச்சே இல்லை.

இட்லி, தோசை தேடுபவர்களுக்கு: லாச்சப்பல் பகுதியிலுள்ள தமிழ்க் கடைகளுக்கு கார் து நோரிலிருந்து ரயில் மாற வேண்டாம். நடந்தே போகலாம், ஒரு டிக்கெட் மிச்சம்.