கால்வின் சுழற்சி: பெயரை விடுங்கள், கார்பனை எண்ணுங்கள்

மலேசியாவின் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வான எஸ்டிபிஎம்மில், உயிரியல் முதல் தவணையில் என் மகளை அழவைத்தது கால்வின் சுழற்சிதான்; அதாவது, ஒளிச்சேர்க்கையில் தாவரம் கரியமில வாயுவிலிருந்து சர்க்கரை செய்யும் படிகள். பெயர்களை உருப்போடுவாள், மறுநாளே மறந்துவிடும். சரி, பெயரை விட்டுவிட்டு கார்பனை மட்டும் எண்ணு என்றேன்.

ஐந்து கார்பன் உள்ள ஆர்யுபிபி (RuBP) என்ற மூலக்கூறு மூன்று, ஒரு கார்பன் உள்ள கரியமில வாயு மூன்று. மொத்தம் 18 கார்பன். அது மூன்று கார்பன் மூலக்கூறுகள் ஆறாகும். ஆறில் ஒன்று சர்க்கரை செய்ய வெளியே போய்விடும். மீதி ஐந்தில் இருக்கும் 15 கார்பன், மறுபடியும் மூன்று ஆர்யுபிபி. வரவும் செலவும் சரியாக நிற்கிறதா? இதற்குச் செலவாவது, ஒளியால் கிடைத்த ஆற்றலைச் சுமந்துவரும் மூலக்கூறுகளான ஏடிபி (ATP) 9, என்ஏடிபிஎச் (NADPH) 6.

இந்தச் சுழற்சியை வெற்றுத்தாளில், நோட்டைப் பார்க்காமல் வரையுங்கள். தப்பிய இடத்தை மட்டும் சிவப்பு மையில் திருத்தி, இரண்டு நாள் கழித்து மறுபடி வரையுங்கள். வண்ண வண்ணமாய்க் கோடு போட்டுப் படிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

கரியமில வாயுவை முதலில் நான்கு கார்பன் மூலக்கூறாகப் பிடித்துவைக்கும் சி4 (C4) தாவரத்துக்கு உதாரணம் மறந்தால், பினாங்கு ஜார்ஜ்டவுன் வெயிலில் குடித்த கரும்புச்சாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். அன்னாசி வேறு வகை, அது கேம் (CAM) தாவரம். இரவில்தான் இலைத்துளையைத் திறக்கும்.

அப்புறம், தமிழில் புரிந்துகொண்டாலும் கலைச்சொற்களைத் தேர்வு எழுதும் மொழியிலேயே எழுதிப் பழகுங்கள்.